மூன்றாம் நிரலின் பெயர்

வேலைக்குச் சேர்ந்த முதற்கிழமையே உங்களில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மிஸ், மற்ற நாட்டுக்காரர் எல்லாரும் படிவத்தில மூண்டாம் நிரலுக்கு 'நிச்சயமில்லை' எண்டு போட்டிருக்கினம். நாங்கள் மட்டும் 'திரும்பப் பார்க்க' எண்டு போட்டிருக்கிறம். இது தலைப்போ, கட்டளையோ?"

அன்றைக்குத் தேத்தண்ணி ஆறுகிறது என்று சொல்லித் தப்பிவிட்டேன். இப்போது ஓய்வு பெற்றாயிற்று. எனக்கு நேரம் இருக்கிறது, உங்களுக்கு வேறு வழியில்லை. இருந்து கேளுங்கள்.

உங்களுக்குப் படங்கள் இணையத்தில் வருகின்றன. எங்களுக்கு அவை இறுவட்டுகளில், அதுதான் சீடிகளில், வந்தன. கொழும்பிலிருந்து யாராவது கொண்டுவந்து தருவார்கள். யுத்த காலம். உட்துறைமுகப் பக்கம் டியூஷன் வகுப்பு நடக்கிற ஒரு டியூட்டரியின் மேல்மாடியில் ஒரேயொரு அறை. இரண்டு கணினி, மூன்று கதிரை, கதவு சரியாக மூடாத ஒரு அலுமாரி. யன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தோம். திரையில் மங்கல் தெரிய வேண்டுமே என்பது ஒரு காரணம். யன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது மற்றக் காரணம்.

நாங்கள் மூன்று பேர். நான் பௌதிகம் படிப்பித்தவள், பொறுப்பு என்னுடையது. ஹனிபா கிண்ணியாக்காரர், நில அளவைப் படங்கள் வரைந்து பழகியவர், கண் கூர்மை. ரமணி சாம்பல்தீவில் இருந்து சைக்கிளில் வருவாள். கணிதத்தில் பட்டம் பெற்றவள், வயது இருபத்தைந்து இருக்கும், கதை குறைவு.

நாங்கள் தேடியதும் நீங்கள் இப்போது தேடுவதும் ஒன்றுதான். விண்வெளித் தொலைநோக்கி பெரிய விண்மீன் மண்டலங்களைச் சுற்றியிருக்கிற வெளியைப் படம் பிடித்து அனுப்பும். அந்த வெளியில் குறு மண்டலங்கள் இருக்கும். சில நன்றாகத் தெரியும். சிலவற்றில் விண்மீன்கள் அவ்வளவு குறைவு, கண்ணாடியில் மூச்சுப் பட்ட இடம் போல ஒரு சாம்பல் நிறம் மட்டும் விழும். ஹனிபா அவற்றுக்குச் செல்லமாகப் 'பொடியள்' என்று பெயர் வைத்தார். ஒருநாள் கிண்ணியாத் துறையில் கூட்டத்துக்கு நடுவில் நின்று, "இண்டைக்கு ரெண்டு பொடியளக் கண்டுபிடிச்சம் டீச்சர்!" என்று எனக்குக் கேட்கச் சத்தமாகச் சொன்னார். அந்த நாளில் பொடியள் என்றால் துவக்குத் தூக்கிய இயக்கக்காரர்கள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் ஒரு அடி விலகிப் போனார்கள். அதோடு அந்தப் பெயரைத் தடை செய்தேன். பிறகு 'சின்னன்' என்று அழைத்தோம். நீங்களும் அப்படித்தான் அழைக்கிறீர்கள், ஏனென்று தெரியாமல்.

வேலை முறை இன்றும் அதேதான். ஒவ்வொரு படத் துண்டையும் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் காட்டாமல், பார்க்க வேண்டும். தெரிகிற ஒவ்வொன்றுக்கும் மூன்று நிரலில் ஒன்றை நிரப்ப வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் வந்தது. நான்தான் அதைத் தமிழாக்கினேன். 'ஓம்', 'இல்லை'. மூன்றாவதுக்கு முதலில் 'ஐயம்' என்று எழுதினேன். பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. எல்லாருக்கும் விளங்குகிற சொல்லாக இருக்கட்டும் என்று 'சந்தேகம்' என்று மாற்றினேன். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

தொடங்கிய இரண்டாம் கிழமை எனக்கு மூக்குடைபட்டது. ஒரு படத்தில் வட்டமாக, மெல்லியதாக ஒன்றைக் கண்டேன். தலைகால் புரியவில்லை. கொமியூனிகேஷன் கடைக்கு ஓடிப்போய், வெளிநாட்டில் இருந்த தலைமை விஞ்ஞானிக்கு 'புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம்' என்று ஃபக்ஸ் அனுப்பினேன். அந்த அம்மா மரியாதையாகப் பதில் போட்டார். பக்கத்தில் இருக்கும் பிரகாசமான விண்மீனின் ஒளி கருவிக்கு உள்ளேயே தெறித்து விழுந்த நிழலுருவாம். புதிதாக வருகிற எல்லாரும் ஒருமுறை அதைக் கண்டுபிடிப்பார்களாம்.

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. வெட்கத்தைக் கோபமாக மாற்றுவதில் நான் கெட்டிக்காரி. அடுத்த நாள் காலை மற்ற இருவரையும் இருத்தி வைத்துச் சொன்னேன்: "வடிவாத் தெரியாததை எழுதி என்ர மானத்தை வாங்காதேங்கோ." ஹனிபா தலையாட்டினார்.

மூன்று மாதம் ஒழுங்காக வேலை நடந்தது. பட்டியல்களை அனுப்பினோம். பிறகு ஒருநாள் கொமியூனிகேஷன் கடைக்காரர் ஃபக்ஸ் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். வருகிற எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் தருவார். "மிஸ், உங்களுக்கு ஏச்சு வந்திருக்கு" என்று சொல்லியே நீட்டினார்.

ஏச்சுத்தான். அனுப்பிய படங்களில் தாங்களே செய்த பொய்ச் சின்னன்கள் சிலவற்றை ஒளித்து வைத்திருந்தார்களாம். அது வழக்கம். ஒளித்து வைத்ததில் எத்தனையைக் குழு கண்டுபிடிக்கிறது என்று பார்த்தால்தான், உண்மையில் இருப்பதில் எத்தனையைத் தவறவிடுகிறது என்று கணக்கிடலாம். எங்கள் குழு பளிச்சென்று தெரிந்ததை எல்லாம் பிடித்திருந்தது. மங்கலானதில் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. கடைசிப் பந்தி இப்படி இருந்தது: மூன்று மாதத்தில் உங்கள் மூன்றாம் நிரலில் ஒரு பதிவுகூட இல்லை. வானம் அவ்வளவு தெளிவானது அல்ல. இது இப்படியே இருந்தால் அடுத்த தொகுதியை வேறு குழுவுக்குக் கொடுக்க வேண்டி வரும்.

அந்த அறை போனால் என்ன போகும் என்று உங்களுக்கு விளங்காது. ஊரில் எங்கே போனாலும் அடையாள அட்டையை எடுத்துக் காட்டி, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த காலம். அந்தக் கறுப்புத் துணிக்கு உள்ளே மட்டும்தான் கேள்வி கேட்பது நாங்களாக இருந்தோம். எனக்கு அந்த அறை வேண்டும். பிச்சை எடுத்தாவது அதை வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் பழியைக் கண்ணில் போட்டேன். மூவரும் கண் வைத்தியரிடம் போனோம். எனக்குத்தான் புதுக் கண்ணாடி கிடைத்தது, மற்ற இருவருக்கும் பருந்துக் கண். பிறகு பழியைத் திரையில் போட்டேன், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். துணியை இரண்டு மடிப்பாக்கினேன். எல்லாம் முடிந்து வேறு ஒன்றும் செய்ய ஏலாது என்ற பிறகுதான் ரமணிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். அதை முதல்நாளே செய்திருக்க வேண்டும். பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பார்க்க மனம் வருவது கடைசியில்தான்.

படத்தை மெல்ல நகர்த்திக்கொண்டு போனாள். ஒரு மூலையில் சுட்டி நின்றது. எனக்குப் புதுக் கண்ணாடியோடும் அங்கே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நின்றாள், பெருக்கிப் பார்த்தாள், திரும்பவும் நின்றாள். பிறகு 'இல்லை' என்று பதிந்துவிட்டு நகர்ந்தாள்.

"ரமணி, அதில ஏதோ கண்டனீங்கள்தானே?"

"ஓம் மிஸ்."

"பிறகேன் இல்லை எண்டு போட்டனீங்கள்?"

"ஓம் எண்டு சொல்ல ஏலாது மிஸ். அவ்வளவு வடிவாத் தெரியேல்லை."

"அப்ப சந்தேகம் எண்டு போடலாமே. நான் அண்டைக்குப் பேசினதாலயோ?"

தலையை இல்லை என்று ஆட்டினாள். பிறகு கேட்டாள்: "ஒண்டைச் சந்தேகம் எண்டு எழுதினா, பிறகு அதுக்கு என்ன நடக்கும் மிஸ்?"

யாரை நினைத்துக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் தம்பி சுதன் மேசன் வேலைக்குப் போகிறவன். ஒரு காலை ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்களை எல்லாம் வெயிலில் வரிசையாக இருத்தினார்கள். முகத்தை மூடிக்கொண்டு தலையாட்டி ஆள் காட்டுகிற ஒருவருக்கு முன்னால் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பெரும்பாலானவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். சிலரைக் குற்றவாளி என்றார்கள். சுதனைப் பற்றி இரண்டும் சொல்லவில்லை. சந்தேகம் என்று சொல்லிக் கொண்டுபோனார்கள். அது நடந்து அப்போது ஒரு வருடத்துக்கு மேல். அவனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததே பல மாதம் கழித்து.

"இல்லை எண்டா விட்டிடுவினம்" என்றாள் ரமணி. "அதான் மிஸ், கை அதிலதான் போகுது. நான் யோசிச்சுச் செய்யேல்லை."

அவளைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு, நான் பார்த்த படங்களின் பதிவுகளை எடுத்தேன். அவளுக்குத் தம்பி. எனக்கு என்ன வந்தது? என் மூன்றாம் நிரலும் வெறுமையாகத்தான் இருந்தது. மூன்று மாதம், ஒவ்வொரு கிழமையும் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன், ஒருநாளும் கண்ணில் படவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிசுக்கு எழுதிக் கொடுக்கிற பட்டியலில், கட்டைபறிச்சானில் இருந்து மச்சாள் மகன் வந்து நின்ற இரண்டு நாளும், எழுதுவதா விடுவதா என்று நான் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தது ஞாபகம் வந்தது. சொல்ல ஏலாத எதையும் எழுதாமல் விடுவதற்கு என் கையும் பழகியிருந்தது. எனக்கு என்மீதே பயமாக இருந்தது.

ஹனிபாவின் பதிவுகளும் அப்படித்தான். அவரிடம் சொன்னபோது தாடியைத் தடவிக்கொண்டே ஒரு வழி சொன்னார்.

"டீச்சர், இனிமே ஒழுங்காப் போடுவம். பழசுக்கு நான் ஒண்டு சொல்றன், கோவிக்கப்படா. எங்கெங்க மங்கலாக் கண்டம் எண்டு நமக்கு ஓரளவு ஞாபகம் இருக்கு. அதுகளச் சந்தேகத்தில போட்டுட்டு, திருத்தின பட்டியல் எண்டு அனுப்பினா என்ன? ஆருக்குத் தெரியும்?"

உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அன்று மத்தியானம் முழுவதும் அதை வைத்துக்கொண்டு இருந்தேன். அறை மிஞ்சும், மானமும் மிஞ்சும். பொய் என்றும் சொல்ல முடியாது, கண்டதைத்தானே எழுதப் போகிறோம். ஆனால் ஞாபகத்தில் இருப்பது எது? கொஞ்சம் பளிச்சென்று இருந்தது மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கும். மிக மங்கலானதை நாங்கள் பார்த்த கணத்திலேயே மறந்திருப்போம். திரும்பவும் அவைதான் விடுபடும். இந்த முறை தெரிந்துகொண்டே விடுவோம்.

பின்னேரம் ஃபக்ஸ் எழுதினேன். 'எங்கள் மூன்று மாதப் பட்டியலையும் தயவுசெய்து எறிந்துவிடுங்கள். பிழை கண்ணில் இல்லை, நான் தேர்ந்த ஒரு சொல்லில். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறொரு வேலை இருக்கிறது. ஆறு கிழமை தாருங்கள், முதற் படத்தில் இருந்து எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கிறோம்.' கடைக்காரர் வாசித்தார். "எறியச் சொல்லி நீங்களே கேக்கிறீங்களோ மிஸ்?" என்றார். பேசாமல் அனுப்பச் சொன்னேன்.

அடுத்த இரண்டு நாளும் ஹர்த்தால், கடை பூட்டு. மூன்றாம் நாள் பதில் இருந்தது. ஆறு கிழமை இல்லை, நான்கு. ஒளித்து வைத்தவற்றை இடம் மாற்றிப் புது இறுவட்டுகள் வருகின்றன. இதுதான் கடைசித் தடவை. சொல்லைப் பற்றி அந்த அம்மா ஒன்றுமே எழுதவில்லை.

படங்கள் வருவதற்கு முன் சொல்லை மாற்ற வேண்டும். 'ஐயம்' என்றேன். "அதுவும் அதுதானே மிஸ், வேட்டி உடுத்திருக்கு" என்றாள் ரமணி. அவள் பகிடி விட்டு நான் கேட்டது அன்றுதான் முதல்முறை. 'நிச்சயமில்லை' என்றேன். ஹனிபா, "அதிலயும் 'இல்லை' இருக்கே டீச்சர், கை அங்கதான் சாயும்" என்றார். நான் அகராதியைப் புரட்டத் தொடங்கினேன்.

ரமணி சொன்னாள்: "அது என்ன எண்டு ஏன் மிஸ் எழுதவேணும்? அதுக்கு நாங்கள் என்ன செய்யவேணும் எண்டதை எழுதுவம். 'திரும்பப் பார்க்க'."

அகராதியை மூடினேன். அந்த மூன்றாம் நிரலுக்குப் பெயர் வைத்தது நான் என்று எங்கேயோ எழுதியிருக்கிறார்களாம். நான் வைத்த பெயரால்தான் அவ்வளவு கூத்தும். இந்தப் பெயர் ரமணி வைத்தது.

நான்கு கிழமையில் மூன்று மாத வேலை. பாதை, அதுதான் கிண்ணியாவில் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரைக்கு இழுக்கிற மிதவை, பல நாள் ஓடவில்லை. ஹனிபா டவுனில் ஒரு சொந்தக்காரர் கடையில் தங்கினார். ரமணி என் வீட்டில் நின்றாள். விருந்தாளி நின்றால் பொலிசில் பதிய வேண்டும். இந்த முறை பேனையைப் பிடித்துக்கொண்டு இருக்கவில்லை, அவளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்தேன். அங்கே இருந்தவர் கொச்சைத் தமிழில் என்ன வேலை என்று கேட்டார். நட்சத்திரம் பார்க்கிற வேலை என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார். "எனக்கு எப்ப ஊருக்கு மாற்றம் வரும், பாத்துச் சொல்லுங்க." ரமணி அவர் கையை வாங்கி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் உற்றுப் பார்த்தாள். "இப்ப சொல்ல ஏலாது, திரும்பப் பாக்கவேணும்" என்றாள். வெளியே வந்து ஒழுங்கையில் நின்று இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

மூன்றாம் நிரல் நிரம்பியது. கரண்ட் நின்றால் கீழே போய் நின்றோம், வந்தால் ஏறினோம். எனக்குக் கண் எரிந்தது, ஹனிபாவுக்கு முதுகு பிடித்தது. கடைசி இறுவட்டைக் கடைசி நாள் மத்தியானம் முடித்தோம்.

இருபது நாள் கழித்துக் கடைக்காரர் தெருவில் வைத்தே கையைத் தூக்கிக் காட்டினார். மங்கலானவற்றை மற்றக் குழுக்களுக்கு ஈடாகப் பிடித்திருந்தோம். அடுத்த தொகுதி எங்களுக்குத்தான். அதோடு இன்னொரு செய்தி. எங்கள் மூன்றாம் நிரலில், யாரும் ஒளித்து வைக்காத இடங்களிலும் சில பதிவுகள் இருந்தன. அவற்றை நீண்ட நேரம் படம் பிடித்துத் திரும்பப் பார்க்கப் போகிறார்கள். ஏழு மாதம் எடுத்தது. ஒன்று உண்மையான சின்னன். ரமணி முன்பு 'இல்லை' என்று விட்டுப்போன அந்த மூலையில் இருந்ததுதான். ஹனிபா மஸ்கற் இனிப்பு வாங்கி வந்தார். ரமணி ஒரு துண்டு எடுத்துவிட்டு, "ஏழு மாசமும் பாத்தவையோ மிஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு பல மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, ரமணியின் சைக்கிளில் பின்னால் ஒரு மெலிந்த பையன் இருந்து வந்தான். சுதன். விட்டுவிட்டார்கள். ஏன் பிடித்தார்கள் என்று சொல்லவில்லை, ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை. சல்லி அம்மன் கோயில் நேர்த்திக்கடனை முடித்துவிட்டு, பொங்கலும் கொண்டு வந்திருந்தார்கள். ஹனிபா எழும்பித் தன் கதிரையை அவனுக்குக் கொடுத்தார்.

ரமணி திரையில் ஒரு படத்தைத் திறந்து விட்டாள். அவன் பார்த்தான்.

"இதில ஒண்டும் இல்லையே அக்கா."

"திரும்பப் பார்."

அவன் முன்னால் சரிந்து பார்த்தான். அவ்வளவு நேரம் எடுத்து அந்த அறையில் யாரும் பார்த்தது இல்லை. பிறகு சீமெந்து தின்ற விரலால் ஒரு இடத்தைத் தொட்டு, "இதில ஏதோ கிடக்கிற மாதிரி... எனக்குத் தெரியேல்லை அக்கா" என்றான். கையை உடனே இழுத்துக்கொண்டான்.

நானும் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஹனிபாவுக்கும் தெரியவில்லை. ரமணி அவன் தொட்ட இடத்தை அளந்து, மூன்றாம் நிரலில் பதிந்தாள். அதையும் மற்றவற்றோடு சேர்த்து நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

பதில் வர நெடுநாள் ஆயிற்று. அந்த இடத்தில் எதுவும் இல்லையாம். ஆனால் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள்.